சேர்க்கப்படும் உலகம்: வேலைத்தல உளவியல் படிப்பும் ஓர் அகமதாபாத் தறிக்கூடமும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘தொழில் மற்றும் நிறுவன உளவியல்’ என்ற பெயரில் ஒரு பட்டமேற்படிப்பு நடக்கிறது. யாரை வேலைக்கு எடுப்பது, எடுத்தவருக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது, அவர் வேலையை எதைக் கொண்டு அளப்பது, அவருக்குச் சலிப்பும் ஊக்கமும் எங்கிருந்து வருகின்றன, நாலு பேரைக் கட்டி மேய்க்கிறவரை எப்படி உருவாக்குவது – பாடங்கள் இவைதாம். படித்து முடிக்கிறவர்களில் பலர் கம்பெனிகளின் மனிதவளப் பிரிவுக்கோ ஆலோசனை நிறுவனங்களுக்கோ போகிறார்கள். எனவே எங்கோ இருக்கிற ஒரு கல்வித்துறையின் உள்விவகாரம் என்று தோழர்கள் இதைத் தள்ளிவிட வேண்டாம். ஒரு ஆளை உள்ளே விடுவதா வெளியே நிறுத்துவதா என்று தீர்மானிக்கிற கேள்வித்தாள்கள் இந்தப் பட்டறையில்தான் அடிக்கப்படுகின்றன.

இந்தத் துறைக்குள் சில காலமாக ஒரு கோரிக்கை இருந்துவருகிறது. படிப்பில் ‘சர்வதேசப் பார்வை’யைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அது. மாணவர்கள் போய்ச் சேரப்போகும் கம்பெனிகள் பல நாடுகளில் கால் பரப்பியிருக்கின்றன. வேலையாட்கள் பல மொழிக்காரர்கள். ஆகவே பண்பாட்டு வேறுபாடு குறித்து ஒரு தாள், வெளிநாட்டில் ஒரு பருவம், வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் வருகை. நல்லதுதானே என்று தோன்றும். எனக்கு உறுத்துவது ‘சேர்த்தல்’ என்கிற அந்தச் சொல். குழம்பு கொதித்து இறக்கியானபின் மேலே கிள்ளிப் போடுகிற கறிவேப்பிலை மாதிரி உலகம் கடைசியில் வந்து சேர்கிறது. துறை உள்ளூரில் பிறந்து, உள்ளூரிலேயே வளர்ந்து, இப்போதுதான் வாசலைத் தாண்டுகிறது என்கிற ஒரு கதையாடல் இந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. இந்தக் கதையாடல் பொய். பிறந்த நாளிலிருந்தே இந்தத் துறை சர்வதேசியமானது. ஆனால் எந்தத் திசையில் எது போயிற்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெளியிலிருந்து ஆட்களும் தரவுகளும் அனுபவமும் உள்ளே போயின. கோட்பாடு என்று பெயர் சூட்டப்பட்டு அவை வெளியே திரும்பி வந்தன. இதை மாணவருக்குச் சொல்லாமல் எத்தனை பருவம் வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் அது சுற்றுலாதான்.

தொடக்கத்தைப் பாருங்கள். துறையின் தந்தை என்று பாடநூல்கள் சொல்லும் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் ஜெர்மானியர். லைப்சிக்கில் வுண்ட்டிடம் படித்துவிட்டு ஹார்வர்டுக்குப் போனவர். பாஸ்டன் டிராம் ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்க அவர் செய்த சோதனைகள் முதலில் 1912இல் ஜெர்மன் புத்தகமாக வந்து, 1913இல்தான் ஆங்கிலத்துக்குப் போயின. அவரிடம் ஹார்வர்டில் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கியது 1916இல். அந்த ஆண்டு டிசம்பரில் மூன்ஸ்டர்பெர்க் இறந்துபோனார். பயன்பாட்டு உளவியலுக்கான சர்வதேசச் சங்கம் ஜெனீவாவில் 1920லேயே உருவாகிவிட்டது. ஹாதார்ன் சோதனைகளால் உலகம் அறிந்த எல்டன் மேயோ ஆஸ்திரேலியர். சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1927இல் ஒரு தனியறைக்குள் உட்காரவைத்து ஆராயப்பட்ட ஐந்து பெண்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்களின் பெண்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று அவர்களில் இருவரை 1928 ஜனவரியில் எடுத்துவிட்டு வேறு இருவரை உட்காரவைத்தார்கள். அன்புகாட்டினால் உற்பத்தி பெருகும் என்று அந்த அறையைக் காட்டித்தான் இன்றும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சரி, இதெல்லாம் ஓரளவு தெரிந்த கதை. நான் நிறுத்திப் பேச விரும்புவது அகமதாபாத்தைப் பற்றி.

காலிகோ மில் சாராபாய் குடும்பத்துடையது. 1918இல் பிளேக் போனஸை நிறுத்தியபோது நெசவாலைத் தொழிலாளர்கள் 35 சதவீதக் கூலி உயர்வு கேட்டு நின்ற போராட்டமும், காந்தியின் உண்ணாவிரதமும், முதலாளி அம்பாலால் சாராபாயை எதிர்த்துத் தொழிலாளர் பக்கம் நின்ற அவருடைய அக்கா அனசூயாவும் நமக்குத் தெரிந்தவை. (1962இல் கருத்தரங்கு நடத்த அந்த நகரத்துக்கு வந்த உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன், இந்தப் போராட்டத்தை மையமாக வைத்தே காந்தியைப் பற்றித் தன் புத்தகத்தை 1969இல் எழுதினார்.) அம்பாலாலின் ஒரு மகன் விக்ரம். விண்வெளிக்காரராக மட்டும் நமக்குத் தெரிந்த அவர், 1947இல் அகமதாபாத் ஜவுளி ஆலைகளுக்கான ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். அங்கே மனித உறவுகள் குறித்த பிரிவை நடத்தியவர் மிச்சிகனில் படித்துவந்த கமலா சௌத்ரி. லண்டனிலிருந்து நிபுணர் வந்து இறங்குமுன்பே தொழிற்சாலை உளவியல் அந்த ஊரில் நடந்துகொண்டிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மகன் கௌதம் காலிகோவின் தலைவர். 1952இல் நிர்வாகம் ஒரு கூடத்தில் தானியங்கித் தறிகளைப் போட்டது. 224 தறிகள், 29 ஆட்கள், 12 வகை வேலைப் பெயர்கள். நெய்கிறவர், தார் நிரப்புகிறவர், அறுந்த பாவைச் சேர்க்கிறவர், எண்ணெய் விடுகிறவர், துணி சுமக்கிறவர், பெருக்குகிறவர் என்று நீள்கிறது பட்டியல். வேலையளவு நிபுணர்கள் கடிகாரம் பிடித்து ஒவ்வொரு வேலையையும் பிரித்து, ஒருவருக்கு இத்தனை தறி என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கணக்கு சரி, துணிதான் சரியாக வரவில்லை. தறி ஓடும் திறன் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை, சேதமும் குறையவில்லை. ஏன்? ஒருவர் முப்பது தறி பார்க்கிறார், இன்னொருவர் ஐம்பது, மற்றொருவர் எண்பது. யாருடைய தறிகள் யாருடைய தறிகளோடு எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று யாருக்கும் புரியாது. நூல் அறுந்தால் யாரைக் கூப்பிடுவது, யார் சொன்னால் யார் கேட்பது – எல்லாம் குழப்பம். எல்லோரும் ஒரே துணியைத்தான் நெய்தார்கள், ஆனால் யாரும் யாரோடும் சேர்ந்து வேலை செய்யவில்லை.

லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் 1953இல் கௌதம் சாராபாயின் அழைப்பில் இந்தக் கூடத்துக்குள் வருகிறார். அதற்கு ஈராண்டு முன்பு டாவிஸ்டாக்கின் எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். புது எந்திரம் வந்தபோது பழைய சிறு குழுக்கள் உடைந்து, சுரங்கத்துக்குள் வேலையும் மனசும் ஒருசேரக் கெட்டுப்போனதைச் சொன்ன கட்டுரை. ரைஸ் தறிக்கூடத்தில், ஒரு தொகுதித் தறிக்கு ஒரு தொகுதி ஆட்கள் பொறுப்பேற்றால் என்ன என்கிற யோசனையை மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். பிறகு நடந்ததை டிரிஸ்டே பின்னாளில் எழுதியிருக்கிறார். தொழிலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்; மறுநாளே தாங்களாக ஒரு முழுத் திட்டத்தைப் போட்டுக்கொண்டு வந்து, நடத்திப் பார்க்க அனுமதி கேட்டார்கள். ஏழேழு பேராகக் குழுக்கள். யார் யாரோடு என்பதையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். கூலி பேசி முடிந்து சோதனை தொடங்கியது. ஆரம்பத் தடுமாற்றம் அடங்கியபின் திறன் 80 சதவீதத்திலிருந்து 95ஐத் தொட்டது. சேதம் 32லிருந்து 20க்கு இறங்கியது.

அந்த ‘மறுநாள்’ மேல்தான் என் கவனம் போகிறது. ஒரே இரவில் 12 வேலைப் பெயர்களைக் கலைத்துப்போட்டு, ஆட்களையும் தறிகளையும் புதிதாக அடுக்கிக்கொண்டு வர முடிந்திருக்கிறது என்றால், அந்த அறிவு அதற்கு முன்பே கூடத்தில் இருந்திருக்கிறது, கேட்பாரில்லாமல் இருந்திருக்கிறது. சுரங்கக் கட்டுரையை டிரிஸ்டோடு சேர்ந்து எழுதிய பாம்ஃபோர்த் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. அவர் பெயர் கட்டுரையின் தலைப்பில் இருக்கிறது. அகமதாபாத்தில் திட்டத்தைப் போட்டவர்களின் பெயர் எந்தக் கட்டுரையின் தலைப்பிலும் இல்லை. ரைஸ் நேர்மையில்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் 1953இல் எழுதிய கட்டுரையும் 1958இல் எழுதிய புத்தகமும் அபாரமான கவனிப்புகள் உள்ளவை. ஆனால் ஆசிரியன் என்கிற ஸ்தானம் யாருக்குக் கிடைக்கிறது என்பது தனிமனித நேர்மையைச் சார்ந்ததல்ல. யார்க்ஷயர்காரனுடைய வாய்ச்சொல் ‘ஆய்வு’ ஆகிறது, குஜராத்தியில் சொன்னது ‘தரவு’ ஆகிறது. இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளரைப் பற்றி யாருக்கு என்ன அக்கறை?

இங்கே இன்னொரு விஷயம். ‘தாங்களே சேர்ந்துகொண்ட குழு’ என்று படிக்கும்போது ஐரோப்பிய வாசகருக்கு ஜனநாயகம் ஞாபகம் வரும். நமக்கு வேறொன்று ஞாபகம் வரவேண்டும். பம்பாயிலும் அகமதாபாத்திலும் நெசவுக் கூடங்களில் நெடுங்காலம் தலித்துகளுக்கு இடமில்லை. நூற்புப் பிரிவில் தலித்துகள். கூலி கூடுதலான நெசவில் முஸ்லிம்களும் பட்டிதார் போன்ற சாதி இந்துக்களும். இதற்குச் சொல்லப்பட்ட காரணம் விசித்திரமானது. ஊடை நூலைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடும் நாடாவில் புதுத் தார் போடும்போது, நாடாவின் கண் வழியாக நூல்முனையை வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். ஒரு நாடா பல வாய்க்குப் போகும். எச்சில் தீட்டு! 1928இல் பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவை எங்களுக்குத் திறந்துவிடுவதைக் கோரிக்கையில் சேர்க்காமல் எங்கள் ஆதரவைக் கேட்காதீர்கள் என்று தொழிற்சங்கத் தலைவர்களிடம் அம்பேத்கர் மல்லுக்கு நின்றது இதற்காகத்தான். தானியங்கித் தறியின் சமாச்சாரம் என்னவென்றால், அதன் நாடா தானாகவே நூலைக் கோத்துக்கொள்ளும், உறிஞ்ச வேண்டியதில்லை. அதாவது 1952இல் அந்தக் கூடத்துக்குள் வந்த எந்திரம் தீட்டுக்குச் சொல்லப்பட்ட சாக்கைப் பிடுங்கிப்போட்டுவிட்டது. சாக்குப் போனபின் கதவு திறந்ததா? ஏழு பேர் தங்களுக்குள் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தபோது அந்தத் தேர்வில் மனசு எவ்வளவு, சாதி எவ்வளவு, ஊரும் உறவும் எவ்வளவு? ‘குழு இணக்கம்’ என்று உளவியல் சொல்கிற பண்டம் நம் ஊரில் எதனால் செய்யப்பட்டது? இந்தியாவைப் பற்றி ஒரு மாணவர் கேட்க வேண்டிய சர்வதேசக் கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது. கைகுலுக்குவதா கும்பிடுவதா என்பதல்ல.

சுரங்கத்திலும் தறிக்கூடத்திலும் கிடைத்தவற்றைக் கொண்டு டாவிஸ்டாக்காரர்கள் ‘சமூக–தொழில்நுட்ப அமைப்பு’ என்கிற கோட்பாட்டைக் கட்டினார்கள். எந்திர ஏற்பாடும் மனித ஏற்பாடும் தனித்தனி இல்லை, ஒன்றை மட்டும் திருத்தினால் மற்றது உதைக்கும் என்பது அதன் சாரம். 1960களில் அது நார்வேக்குப் போயிற்று. ஐனார் தோர்ஸ்ருட்டும் ஆஸ்திரேலியரான ஃப்ரெட் எமரியும் அங்கே தொழிற்சங்கங்களையும் முதலாளிகள் சங்கத்தையும் ஒரே மேசையில் உட்காரவைத்துத் தொழில் ஜனநாயகச் சோதனைகளை நடத்தினார்கள். அங்கிருந்து ஸ்வீடன், 1974இல் கால்மர் நகரில் வோல்வோ கட்டிய கார் தொழிற்சாலை. நகரும் பட்டையை எடுத்துவிட்டுக் குழுக்களாகக் கார் பூட்டினார்கள் என்று உலகமே அங்கே போய்ப் பார்த்தது. 1994இல் அதையும் மூடினார்கள். நான் புரட்டிய பாடநூல்களில் கால்மருக்குப் படம் இருக்கிறது, அகமதாபாத்துக்கு ஒரு வரி. சிலவற்றில் அதுவும் இல்லை. வடஐரோப்பியப் பண்பாட்டின் சமத்துவ உணர்விலிருந்து குழுவேலை முளைத்ததாக மாணவர் நினைத்துக்கொள்வார். குஜராத்திகளுக்குக் குழுவேலையை ‘அறிமுகப்படுத்த’ நாளைக்கு விமானம் ஏறவும் செய்வார்.

அப்படி ஏறுகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு எண் இருக்கும். டச்சுக்காரரான கீர்ட் ஹாஃப்ஸ்டெட் ஐபிஎம் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1967க்கும் 1973க்கும் இடையில் பல நாட்டு ஐபிஎம் ஊழியர்களிடம் நிரப்பி வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து, தேசங்களுக்கு மதிப்பெண் போட்டு 1980இல் புத்தகம் வெளியிட்டார். அதிகார இடைவெளியில் இந்தியாவுக்கு 77. மேலே இருப்பவரின் அதிகாரத்தைக் கீழே இருப்பவர் இயல்பாக ஏற்றுக்கொள்கிற நாடு என்று அர்த்தம். யாரிடம் கேட்டார்கள்? ஐபிஎம்மின் இந்திய அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களிடம். அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ் பங்குகளைக் குறைக்க மறுத்து, 1978இல் அந்தக் கம்பெனி இந்தியாவை விட்டே வெளியேறியது. கம்பெனி போய்விட்டது, 77 தங்கிவிட்டது. அகமதாபாத்தில் மறுநாளே திட்டத்தோடு வந்து நின்ற நெசவாளிகளும் சரி, 1918இல் வீதியில் நின்றவர்களும் சரி, இந்த 77க்குள் எங்கே இருக்கிறார்கள்? பண்பாடு என்பது தேசத்துக்கு ஒன்று, எல்லைக்கோட்டோடு அது முடிந்துவிடும் என்கிற அனுமானத்தை ஒரு தாளாக்கி ‘சர்வதேச’ப் பாடம் என்று நடத்துவது, சர்வதேசம் இல்லாத பழைய பாடத்தைவிட மோசமானது. பழையது நம்மைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான். ஆந்திரத்தில் காக்கிநாடா வியாபாரிகளுக்கு ‘சாதனை வேட்கை’யைப் பயிற்றுவிக்க 1964இல் மெக்கிளெலண்ட் நடத்திய சோதனையும் இந்த வரிசைதான். வேட்கை இருந்தது, வங்கிக் கடன்தான் இல்லை என்று அவர்களில் யாராவது சொல்லியிருந்தால் அதை எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

தமிழ் முதுகலை படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி உளவியல் மேற்படிப்பு ஆய்வுக்காக ஒரு கேள்வித்தாளைத் தமிழாக்கித் தரச் சொன்னார். பஞ்சாலைப் பெண்களிடம் கேட்பதற்கு. முதல் வாக்கியமே, ‘என் பணியில் நான் திருப்தியடைகிறேன்’. பக்கத்தில் ஐந்து கட்டங்கள்: ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை. வேலையைப் பற்றி யார் இப்படிப் பேசுகிறார்கள்? ‘என்னமோ ஓடுதுங்க’ என்பார்கள்; ‘வயித்துப்பாடு’ என்பார்கள்; ‘இது இல்லேன்னா வேற கதி?’ என்பார்கள். மூன்றும் மூன்று வேறு நிலைமைகள். மூன்றுமே ஐந்து கட்டத்தில் எதிலும் உட்காராது. உட்காரவைத்தால் நடுக்கட்டத்தில், ‘கருத்தில்லை’ என்பதில் போய் விழும். கருத்தில்லையாம்!

இதற்கு ஒரு முறையும் இருக்கிறது. 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதியதிலிருந்து பரவியது. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு செல்லும். கவனியுங்கள், சோதிக்கப்படுவது ஆங்கிலம் சேதாரமில்லாமல் வீடு திரும்பியதா என்பது மட்டுமே. நடுவில் தமிழ் ஒரு கணவாய். எதைப் போட்டால் பத்திரமாகத் திரும்பும்? விறைத்துப்போன, யாருமே பேசாத, பாடநூல் தமிழ். ‘வயித்துப்பாடு’ திரும்பிப் போகாது. பாடபேதங்களைத் தேடிச் சேர்த்து அடிக்குறிப்பில் காப்பாற்றுவது எங்கள் படிப்பு. பாடபேதமே வராமல் பார்த்துக்கொள்வது இவர்கள் படிப்பு. மாணவியிடம் சொன்னேன்: கேள்வித்தாளைக் கொடுக்குமுன் ஒரு வாரம் பஸ்ஸில் அவர்களோடு போய்வாருங்கள், அவர்கள் சொல்லையே கேள்வியாக்கலாம். ‘அப்படிச் செஞ்சா ஸ்கேல் மாறிடும் சார், கைடு ஒத்துக்க மாட்டாங்க’ என்றார். அவர் சொன்னதும் உண்மை. அளவுகோல் மாறிவிட்டால் வெளிநாட்டு ஆய்வேட்டில் ஒப்பிட முடியாது, ஒப்பிடாவிட்டால் பிரசுரமாகாது. 2003க்கும் 2007க்கும் இடையில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முக்கிய ஆய்வேடுகளில் ஆராயப்பட்டவர்களில் 68 சதவீதம் பேர் அமெரிக்கர்கள் என்று ஜெஃப்ரி ஆர்னட் 2008இல் கணக்கெடுத்துக் காட்டினார். அந்த வாசலில் நிற்கிற ஒரு தமிழ் மாணவிக்கு ‘வயித்துப்பாடு’ என்ற சொல் பெரிய பாரம்தான்.

ஐரோப்பாக்காரர்கள் கொஞ்சம் வேறு மாதிரி முயன்றிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலென்சியா பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்க, பார்சலோனா, பொலோன்யா, கோயிம்ப்ரா, பாரிஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2006இல் ஒரு கூட்டு முதுகலைப் படிப்பைத் தொடங்கின. மாணவர் ஒரு நாட்டில் படித்துவிட்டு இன்னொரு நாட்டுக்குப் போகிறார். பல நாட்டு மாணவர்கள் கூடும் குளிர்காலப் பள்ளி ஒன்றும் இருக்கிறது. இது மேலே கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை இல்லை, படிப்பின் உடம்பே பல நாடாக இருக்கிறது. ஆனாலும் மாணவர்தான் நகர்கிறார். பாடத்துக்குள் யார் யாரை ஆராய்ந்தார்கள் என்கிற பழைய ஏற்பாடு நகர்கிறதா என்று கேட்கலாம். போகிறவருக்கு விசா வேண்டும், உதவித்தொகை வேண்டும், ஆங்கிலம் வேண்டும். தறிக்கூடத்திலிருந்து யாரும் போகப்போவதில்லை.

எனக்குப் பாடத்திட்டம் வகுக்கும் அதிகாரம் இல்லை. இருந்தால் ஒரு முழுப் பருவத்தையும் அந்த ஒரு கூடத்துக்கே கொடுத்திருப்பேன். ரைஸின் புத்தகம், 1928இல் அம்பேத்கர் எழுப்பிய கேள்வி, தானியங்கித் தறியின் நாடா, டிரிஸ்டின் பிற்காலக் குறிப்பு, கௌதம் சாராபாய் ஏன் லண்டனைக் கூப்பிட்டார் என்பது. அதோடு டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் 1975இல் வெளியிட்ட தொடராய்வு. 1970 வரை என்ன ஆயிற்று என்று அவர் பார்த்து எழுதினார். ஒரு கூடத்தில் குழுவேலை பதினாறு வருஷத்துக்குப் பிறகும் ஏறக்குறைய அப்படியே நடந்துகொண்டிருந்தது. மற்றவற்றில் தேய்ந்து, சில இடங்களில் பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிவிட்டிருந்தது. உளவியல் வெளியேறி வெகுகாலமான பிறகும் ஒரு கூடத்தில் மட்டும் அதை யார் பிடித்து நிறுத்திவைத்திருந்தார்கள் என்பதை அந்தக் கட்டுரையோடு உட்கார்ந்து மாணவர்கள் விவாதிக்கலாம்.

கடைசிப் பாடத்துக்கு ஏடுகளை விட்டு வேறு புத்தகத்துக்குப் போகவேண்டியிருக்கும். 1980களிலும் 90களிலும் அகமதாபாத்தின் கூட்டு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, காலிகோவும் தப்பவில்லை. லட்சத்தையொட்டிய எண்ணிக்கையில் ஆட்கள் வெளியே வந்தார்கள். அவர்களைத் தேடிப்போய் எழுதியவர் யான் பிரெமன் என்கிற டச்சு சமூகவியலாளர். புகைப்படக்காரர் பார்த்திவ் ஷாவோடு சேர்ந்து 2004இல் கொண்டுவந்த புத்தகத்தில் அந்த ஆட்கள் இருக்கிறார்கள். நிரந்தர வேலையும் சங்கமும் போய், தள்ளுவண்டியிலும் ஆட்டோவிலும் கூலிக்கு எடுத்த விசைத்தறியிலும். விசைத்தறிப் பட்டறையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.